கோணச் சந்தில் யாருக்கும் பசியில்லை

அல்சூர் கடைவீதி முடிகிற இடத்தில் கோணச் சந்து என்று ஒன்று இருந்தது. ஜட்கா வண்டி உள்ளே நுழைந்துவிட்டால் திரும்ப இடமிருக்காது. குதிரையைப் பின்னுக்கு நடத்தித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குக் குதிரை லேசில் சம்மதிக்காது. அந்த வேடிக்கையைத் தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் அல்போன்சா. சந்தின் முதல் வீட்டு வாசலில் அவள் ஆப்பச் சட்டி வைத்திருந்தாள்.

அவள் புருஷன் அலெக்சாண்டர் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல் செய்தவன். காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு இரும்பு ஆப்பச் சட்டியும், கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்த ஒரு மகளும்தான். மகள் வருஷம் தவறாமல் வந்துவிடு என்று கூப்பிடுவாள். மருமகன் வீட்டில் போய் மூலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது என்று அல்போன்சா வருஷம் தவறாமல் பதில் சொல்லி அனுப்புவாள். பருத்த உடம்பு, வெண்கலத் தொண்டை, ஆப்பச் சட்டியைச் சுழற்றிச் சுழற்றி முறுக்கேறிய வலது கை. அந்தக் கை இருக்கும்வரை அவளுக்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குச் சந்து வேண்டியிருந்தது. சந்துக்கு அவள் அதைவிட வேண்டியிருந்தது. அங்கே எந்த வீட்டிலும் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை. விறகு விற்ற விலையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பற்றவைப்பது துரைமார்களுக்குத்தான் கட்டுப்படியாகும். பெண்கள் பொழுது விடியும் முன்பே பங்களா வேலைக்குப் போவார்கள், ஆண்கள் செங்கல் சுமக்கவும் பட்டாளக் கொட்டகை போடவும் போவார்கள். எல்லோரும் சந்துமுனையில் நின்று ஆளுக்கு ஓர் ஆப்பம் வாங்கி, அதை முந்தின ராத்திரிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு ஓடுவார்கள். மாலையில்தான் உலை. அல்போன்சாவின் அடுப்பு ஒரு நாள் எரியாவிட்டால் நாற்பது வீட்டு வயிறு எரியும்.

வயிறு எரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கோணச் சந்துக்கு வீறாப்பு அதிகம். யாரை எப்போது கேட்டாலும் சாப்பிட்டாயிற்று என்றுதான் பதில் வரும். ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பசி மயக்கத்தில் குடத்தோடு விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவள், தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை, சாப்பிட்டாயிற்று என்றாள். அவளிடம் அப்போது யாரும் அதைக் கேட்டிருக்கவும் இல்லை.

இத்தனை ஏழைகளுக்குக் கட்டுகிற விலையில் அல்போன்சாவால் எப்படி ஆப்பம் சுட முடிந்தது? அதற்கு மாதா கோயிலில் ஒரு மூட்டை இருந்தது. மாலையில் உலை வைக்கும்போது ஒவ்வொருத்தியும் களைந்து போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசி அள்ளி, சிலுவை போட்டு, தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். அதுதான் பிடி அரிசி. தாய் செய்தாள், மகள் செய்தாள், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மூட்டையில் கொட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மூட்டையை ஏலம் விட்டு, வந்த காசில் சாமியார் அநாதைப் பிள்ளைகளுக்குச் செய்வார்.

அந்த மூட்டையை ஏலம் கேட்க ஒரு காலத்தில் நாதியில்லை. பச்சரிசி, புழுங்கலரிசி, சிவப்பரிசி, குருணை, பழசு, புதுசு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதை உலையில் போட்டால் பாதி குழையும், பாதி பல்லை உடைக்கும். ஆனால் ஆட்டுக்கல்லுக்கு ஏது பேதம்? அரைத்துக் கள்ளு ஊற்றிப் பொங்கவிட்டால் எல்லாம் மாவுதான். அல்போன்சா ஒருத்திதான் கேட்பாள், அவளுக்கே விழும். சந்து கொடுத்த அரிசி ஆப்பமாகிச் சந்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. பர்மா விழுந்தது, பர்மா அரிசி நின்றது, ரேஷன் கடை வந்தது. ரேஷன் கடையில் அரிசி கொஞ்சம், மீதிக்குக் கேழ்வரகும் கோதுமையும் போட்டார்கள். கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருத்தி அதை முழுசாக வேகவைத்துவிட்டு, அது வேகும் வேகும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் காத்திருந்தாள்.

அரிசி இப்படிக் கனவுப்பொருளான பிறகுதான் பெர்னார்டுக்குக் கோயில் மூட்டையின் மேல் கண் விழுந்தது. பெர்னார்ட் கடைவீதியில் சாப்பாட்டு ஓட்டல் வைத்திருந்தவர். கோட்டு, தொப்பி, வாரம் தவறாத பூசை, முன் வரிசை நாற்காலி. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டல் நடக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புள்ள மனுஷர், அவ்வளவுதான். இட்லிக்கு அரைத்தாலும் எல்லா அரிசியும் ஒன்றுதானே என்று அவருக்கும் தோன்றிவிட்டது. ஆகஸ்டு மாத ஏலத்தில் அல்போன்சா வழக்கமான விலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் தூக்கி ஒரு விலை சொன்னார். மூட்டை அவர் ஓட்டலுக்குப் போயிற்று.

அந்த மாதம் அல்போன்சா தன் ரேஷன் அரிசியைப் போட்டுச் சுட்டாள். ஆப்பம் நாளுக்கு நாள் சுருங்கி ஒரு நாள் உள்ளங்கை அளவுக்கு வந்தது. மறுநாள் அடுப்பு எரியவில்லை. சந்து முந்தின ராத்திரி வைத்து ஆறிப்போன கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போயிற்று, யாரும் முகம் சுளிக்கவில்லை. அவளைக் கடந்து போகும்போது ஒவ்வொருத்தியும், கேட்காமலே, சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த மூட்டையும் கை நழுவினால் கோலாருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மகளுக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

முடிவு செய்த அன்று மாலை அவள் உலை வைக்கப் போனாள். பழக்கத்தில் ஒரு பிடி அரிசியை அள்ளிய கை கலயத்துக்கு நேரே போய் நின்றுவிட்டது. இது யாருக்குப் போகிறது? பெர்னார்டின் இட்லிக்கு. பிடி அரிசி போடாமல் இருந்தால் பாவம். அவருக்குப் போடுவதென்றால் வயிற்றெரிச்சல். கொஞ்ச நேரம் யோசித்தாள். அரிசியை வேறொரு சட்டியில் ஒளித்துவிட்டு, கலயத்தில் ஒரு பிடி கேழ்வரகைப் போட்டுச் சிலுவையும் போட்டாள். ஒரு மூட்டைக்குள் இந்த ஒரு கலயம் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த மாதம் முடியும்வரை அப்படியே செய்தாள். பாவம் செய்கிறோம் என்ற பயமும், நன்றாக வேண்டும் என்ற சந்தோஷமும் அவளுக்குள் மாறி மாறி எழும்பின.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை கலயத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மூட்டை ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று யாரும் பார்த்துக் கூசக் கூடாது என்பதற்காகப் பல வருஷம் முன்பே சாமியார் கட்டிய சீலை அது. ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கேழ்வரகு விழுகிற சத்தம் அரிசி விழுகிற சத்தம் மாதிரி இருக்காதே என்று அல்போன்சாவுக்குத் திடீரென்று உதறல் எடுத்தது. கொட்டும்போது பலமாக இருமிவைத்தாள். வெளியே வந்து நின்றபோது அடுத்து உள்ளே போனவளும் இருமினாள். அதற்கடுத்தவளும் இருமினாள். ஏரிக்காற்று சந்தில் எல்லாருக்கும் நெஞ்சுச்சளி கட்டிவிட்டது, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுகிற நாள். சாமியார் பிரெஞ்சுக்காரர், முப்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறவர். அதையும் அச்சடித்த புத்தகம் மாதிரிப் பேசுகிறவர். வரிசையில் அல்போன்சாதான் முதல். சாமியார் உட்கார்ந்திருந்த மரக்கூண்டின் சல்லடைக் கதவருகே முழங்காலிட்டுக் கேழ்வரகு விஷயத்தை முணுமுணுத்தாள். உள்ளேயிருந்து சாமியாரின் குரல் வந்தது.

"மகளே, நீ ஒதுக்கிவைத்த அரிசியைச் சமைத்து, பசித்திருக்கிற ஒருவருக்குக் கொடு. அதில் ஒரு கவளமும் நீ உண்ணலாகாது. காரணத்தை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்."

இவ்வளவுதானா என்று அவளுக்கு மனசு லேசாயிற்று. தூணோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் டோரீன் போனாள். டோரீன் பக்கத்து வீட்டுக்காரி, ஒரு மேஜர் பங்களாவில் ஆயா. அவள் எழுந்து வந்தபோது கூண்டுக்குள் சாமியார் ஒரு தடவை செருமினார். அடுத்தவள் எழுந்தபோது இரண்டு தடவை. வரிசை பாதி குறைந்தபோது மரக்கூண்டே லேசாக ஆடியது. கடைசியில் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தியோடர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாமியாருக்கும் சளி தொற்றிவிட்டதே, இந்த வயதில் தாங்குவாரா என்று அல்போன்சா அவருக்காகவும் ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஜெபம் சேர்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. தியோடர் உபதேசியார் மூட்டையைக் கோயில் வாசலுக்கு இழுத்துவந்தார். அவருக்குக் கண் மங்கல். மூட்டையின் வாயைத் தடவிப் பார்த்தே கட்டியிருந்தார். இந்த மாதம் நல்ல கனம் என்று மூச்சு வாங்கச் சொன்னார். சந்துப் பெண்கள் எல்லோரும் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியாவது நிமிர்ந்து பார்க்கவில்லை. தனக்காக மனம் உடைந்து நிற்கிறார்கள் என்று நினைத்து அல்போன்சாவுக்குக் கண் கலங்கியது.

உபதேசியார் ஒவ்வொரு மாதமும் சொல்வதையே சொன்னார். "கையை வுட்டுப் பாத்துட்டுக் கேளுங்க. அப்பால என்னக் கேக்காதீங்க."

அல்போன்சா வழக்கம்போல மூட்டைப் பக்கம் கையை நீட்டினாள். அதற்குள் பெர்னார்ட் விலை சொல்லிவிட்டார். போன மாதத்தைவிடப் பெரிய விலை. அவள் கை அந்தரத்தில் நின்றது. போகிறவள் போகும் முன் ஒரு தடவை மோதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. காதுத் தோடுகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு என்ன கிடைக்குமோ அந்த விலையைச் சொன்னாள். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். பெர்னார்ட் அதற்கும் மேலே சொன்னார். மூட்டையைப் பார்க்கவில்லையா என்று உபதேசியார் அவரை இன்னொரு தடவை கேட்டார்.

"ஆண்டவர் வூட்டு மூட்டைய நான் சோதிச்சுப் பாக்கறதா?" என்று பெர்னார்ட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

சாமியாருக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூட்டை பெர்னார்டின் கைவண்டியில் ஏறியது.

அல்போன்சா தோடுகளை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நேற்று இரவும் ஒன்றும் சாப்பிடவில்லை, இப்போதும் தோன்றவில்லை. கோலாருக்குப் போவதென்றால் போய்விடலாம், ஆனால் சாமியார் சொன்ன பரிகாரத்தை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒளித்துவைத்த சட்டியை எடுத்து அந்த அரிசியை ஊறப்போட்டாள். தான் சுடுகிற கடைசி ஆப்பம் இதுதான் என்று நினைத்தபோது தாரைதாரையாக அழுதாள். நன்றாகவே அழுதாள், ஒன்றும் மறைக்கவில்லை. வீட்டில்தான் யாரும் இல்லையே.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டோரீன் ஒரு பிஸ்கோத்து டப்பாவோடு நின்றாள்.

"அக்கா, இந்த அரிசிய ஆப்பமா ஊத்திக் குடு. எனக்கில்ல. நான் ஒரு வாய்கூடத் துன்னக் கூடாது. ஏன்னு மட்டும் கேக்காத" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அல்போன்சா டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு வாய்கூடத் தின்னக் கூடாதா? இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே? யோசித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரி ஒரு தூக்கோடு வந்தாள். அரிசி, ஆப்பம், தனக்கில்லை, ஏன் என்று கேட்காதே. அவள் படி இறங்குவதற்குள் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, முந்தானையில் முடிந்து. ஒருத்தியைக் கண்டதும் மற்றவள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முன்னவளும் அதையே செய்தாள். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வெயிலே இல்லை, மேகமூட்டம்.

ஏழெட்டுப் பேர் வந்து போன பிறகு அல்போன்சா அவர்களைப் பேசவிடவில்லை.

"ஆப்பமா ஊத்தணும், நீ துன்னக் கூடாது, நான் ஏன்னு கேக்கக் கூடாது. அதான? குடுத்துட்டுப் போ" என்றாள். வந்தவள் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

கதவைச் சாத்திவிட்டு அல்போன்சா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரைக்குப் பின்னால் அத்தனை பேருக்கும் வந்த இருமல் நினைவுக்கு வந்தது. சாமியாரின் இருமல் நினைவுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே பாவத்தை மனுஷர் எத்தனை தடவைதான் முகம் மாறாமல் கேட்பார்? எல்லாம் அடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியென்றால் பெர்னார்ட் வாங்கிக்கொண்டு போன மூட்டைக்குள் என்னதான் இருக்கிறது?

அன்று மாலை எல்லோரும் முறை வைத்து ஆட்டுக்கல்லைச் சுற்றினார்கள். ஏன் சுற்றுகிறோம் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சந்தில் குடியிருந்த ஜட்காக்காரர் பெண்டாட்டி ஃபாத்திமா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டிலாவது கல்யாணமா, சாவா, எதுவானாலும் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அல்போன்சா கள்ளை ஊற்றிக் கலந்து, மாவுப்பானைகளைத் துணி கட்டி மூடினாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கோணச் சந்தில் புகை எழுந்தது. மாவு பானையை மீறிப் பொங்கியிருந்தது. சட்டியைச் சுழற்றச் சுழற்ற ஓரம் முறுகி, நடு உப்பி, பூப் பூவாக ஆப்பங்கள் விழுந்தன. வாசனை சந்தின் கடைசி வீடுவரை போயிற்று. பல நாளாகக் கடுங்காப்பியில் ஓடிய உடம்புகள் அந்த வாசனையில் தள்ளாடின. வந்தவர்களெல்லாம் தங்கள் பங்கை இலையில் வாங்கிக்கொண்டு பசித்தவரைத் தேடிப் புறப்பட்டார்கள்.

கோணச் சந்தில் பசித்தவரைத் தேடுவதா? டோரீன் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்றாள். அவள் ஆயிற்று என்றாள். நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்டாள். டோரீனும் ஆயிற்று என்றாள். இரண்டு பேரும் கையில் ஆப்பத்தை ஏந்திக்கொண்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஏமாற்றத்தோடு விலகிப் போனார்கள். சந்து முழுக்க இதே கூத்து. சாப்பிட்டாயா, ஆயிற்று, நீ, எனக்கும் ஆயிற்று. வாய் தவறிக்கூட ஒருத்தி இல்லை என்று சொல்லவில்லை. பரிகாரம் முடியாமல் வேலைக்கும் போக முடியாது. மேஜர் பங்களாவில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்திருக்கும்.

ஃபாத்திமா வாசலுக்கு வந்தாள். அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அரே, நோன்பு வச்சிருக்கேன் அக்கா. உங்க எல்லாருக்கும் இன்னைக்கு இன்னா ஆச்சு? இன்னொரு தபா கேட்டா நான் அழுதுடுவேன்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தி துணிந்து குதிரையிடம் போனாள். குதிரை ஆர்வமாகத்தான் கழுத்தை நீட்டியது. ஆனால் சாமியார் 'ஒருவருக்கு' என்று சொன்னதில் குதிரை சேருமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்து திரும்பிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெர்னார்ட் சந்துக்குள் நுழைந்தார். தலையில் தொப்பி இல்லை, கோட்டில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ராத்திரி மூட்டையைப் பிரித்தவருக்குக் கேழ்வரகும் கோதுமையும் சோளமும் கலந்து காலடியில் கொட்டியது. இட்லிக்கு மாவில்லை, ஓட்டல் அடுப்பு எரியவில்லை, வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். கோயில் மூட்டையைப் பற்றிச் சாமியாரிடம் முறையிட முடியாது. கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்களே. மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அவர் அல்போன்சாவின் அடுப்புக்கு நேரே வந்து நின்றார்.

அவர் வாயைத் திறக்கும் முன் டோரீன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "சாப்ட்டீங்களா?"

"எங்கேருந்து சாப்புடறது? நேத்து ராத்திரிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்று பெர்னார்ட் கத்தினார்.

சந்து ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு நாற்பது பெண்களும் அவர்மேல் பாய்ந்தார்கள். யாரோ முக்காலி போட்டார்கள், யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மடியில் ஆப்பம், கையில் ஆப்பம், ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்தது. என்னுடையது முதலில், என்னுடையதை விட்டுவிட்டீர்களே, ஒரு துண்டாவது பிட்டு வாயில் போடுங்கள் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். பெர்னார்ட் முதல் மூன்றைக் கோபத்தோடு தின்றார். அதற்குப் பிறகு கோபம் எங்கேயோ போய்விட்டது. மூட்டை விஷயத்தில் தன்மேல் ஆத்திரமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்த ஜனங்கள் இப்படி விழுந்து விழுந்து உபசரிப்பதை அவரால் நம்ப முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி விக்கல்.

ஒவ்வொரு ஆப்பத்திலும் ஒரு விள்ளலாவது உள்ளே போன பிறகு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் தாயிங்களா. இனிமே அந்த அரிசி மூட்டைப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். அல்போன்சாக்கா, நீயே எடுத்துக்க."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதம் சாமியார், ஏனென்று யாரிடமும் சொல்லாமல், திரைக்குப் பின்னால் இரண்டு மூட்டை வைத்தார், ஒன்று அரிசிக்கு, ஒன்று மற்றதுக்கு. அரிசி அல்போன்சாவுக்கு விழுந்தது. கேழ்வரகை வாங்கிய பெர்னார்ட், வேறு வழியில்லாமல் ஓட்டலில் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களி உருண்டை போட்டுப் பார்த்தார். ஓசூர் ரோட்டில் வந்த கன்னட வண்டிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஓட்டல் வாசலில் மாட்டுவண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

அது பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில், பெர்னார்ட் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தள்ளாடிப் போன பிறகு, அவர் மடியில் மிஞ்சிய ஆப்பங்கள் இலையில் குவிந்து கிடந்தன. பரிகாரம் முடிந்துவிட்டதால் அவை இப்போது யாருடையதும் இல்லை. ஒவ்வொருத்தியும் யாரையும் பார்க்காமல் ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள். சந்து காலியாயிற்று. கூட்ட நெரிசலில் பின்னால் தள்ளப்பட்டு, தன் பங்கைப் பெர்னார்டுக்குக் கொடுக்க முடியாமல் போன டோரீன் மட்டும் நின்றாள். அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே முடியாததால் தன் பரிகார ஆப்பத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காத அல்போன்சாவும் இருந்தாள்.

டோரீன் ஆப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அழமாட்டாக் குறையாக அவள் முன்னால் குந்தினாள்.

"அக்கா, நீ சாப்ட்டியா?"

ஆச்சு என்று சொல்ல அல்போன்சாவின் வாய் தானாகத் திறந்தது. புருஷன் செத்த அன்றுகூடத் தவறாமல் அந்த வார்த்தையைச் சொன்ன வாய் அது. டோரீன் நீட்டிய ஆப்பத்தைப் பார்த்தாள். சனிக்கிழமையிலிருந்து காலியாகக் கிடந்த தன் வயிறு இரைவதையும் கேட்டாள்.

"இல்லடி. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. பசிக்குது" என்றாள்.

கோணச் சந்துக்காரர்களில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கும்தான்கா" என்றாள் டோரீன்.

அல்போன்சா தன் ஆப்பத்தை எடுத்து டோரீனிடம் கொடுத்தாள். டோரீன் தன் ஆப்பத்தை அல்போன்சாவிடம் கொடுத்தாள். ஒரே பானை மாவு, ஒரே சட்டி, ஒரே கை ஊற்றிய இரண்டு ஆப்பங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, புரையேறப் புரையேறச் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.